அந்த அடி எதைக் கேட்கிறது?

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் சித்தூர் வட்டத்தில் நான் சிறப்பாசிரியராக வேலை செய்கிறேன். ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன் யாரையோ அடித்துவிட்டான், கடித்துவிட்டான், நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டான் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வரும்போது, கூடவே ஒரு விளக்கமும் வந்துவிடுகிறது: வீட்டில் செல்லம் அதிகம், அல்லது பிள்ளைக்கு முன்கோபம், அல்லது காரணமே இல்லாமல் அடிக்கிறான். இந்த மூன்றில் கடைசி விளக்கம்தான் மிகப் பெரிய தீங்கைச் செய்கிறது. காரணம் இல்லை என்று தீர்மானித்துவிட்டால் தேடுவதற்கு எதுவும் இல்லை. தண்டிப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் மட்டுமே மிச்சம். ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு வேலை இருக்கிறது என்பதையும், அந்த வேலையைக் கண்டுபிடித்து அதே வேலையைச் செய்யும் வேறொரு வழியைக் கற்றுக்கொடுக்காதவரை அடி நிற்காது என்பதையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

வன்முறை ஆட்டிசத்தின் அடிப்படை அடையாளங்களில் ஒன்று அல்ல. பிறரோடு தொடர்புகொள்வதில் உள்ள வேறுபாடுகள், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், குறுகிய ஆழ்ந்த ஆர்வங்கள், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை உணர்வதில் உள்ள வேறுபாடுகள் ஆகியவைதான் அதன் அடையாளங்கள். ஆனாலும் அடிப்பதும் கடிப்பதும் அரிதானவை என்று சொல்ல முடியாது. கேன், மஸூரெக் ஆகிய இருவரும் 2011-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 1,380 பிள்ளைகளில் 68 விழுக்காட்டினர் தம்மைப் பராமரிப்பவர்களிடமும், 49 விழுக்காட்டினர் மற்றவர்களிடமும் ஏதோ ஒரு கட்டத்தில் ஆக்ரோஷமாக நடந்துகொண்டதாகப் பெற்றோர்கள் தெரிவித்தார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நான் பல அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். தான் மட்டும் அடிபடுவதாகவும், அது தன் வளர்ப்பின் குறையாகவே இருக்க வேண்டும் என்றும் நம்பி, முழங்கையில் உள்ள பல் தடத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு கூட்டங்களுக்கு வரும் பெண்களுக்கு, இது உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் என்று தெரிய வேண்டும்.

காரணத்தைத் தேடும் வேலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. அடிக்கு முன்பு என்ன நடந்தது, சரியாக என்ன செய்தான், உடனே அவனுக்கு என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து விடுதலை கிடைத்தது என்று மூன்று பத்திகள். "கோபப்பட்டான்" என்று எழுதக் கூடாது. "வலது கையால் பக்கத்துப் பிள்ளையின் தோளில் அடித்தான்" என்று எழுத வேண்டும். நேரம், பாடம், அருகில் இருந்தவர்கள், முந்தைய இரவின் தூக்கம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படித் தேடினால் கிடைக்கும் காரணங்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும் என்பது இத்துறையின் நீண்ட அனுபவம்: ஒரு வேலையிலிருந்தோ இடத்திலிருந்தோ தப்பிப்பது, ஒருவருடைய கவனத்தைப் பெறுவது, விரும்பிய பொருளைப் பெறுவது, உடலுக்குள்ளேயே கிடைக்கும் ஓர் உணர்வு. பால்டிமோர் நகரில் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம் போட்டது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை வெவ்வேறு சூழல்களில் கவனித்து, ஒரே மாதிரித் தோன்றும் செயல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காரணத்தால் நிகழலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

நான் பார்த்துவரும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ் டிவிஷன், ஆனால் அவனுக்குத் துணையாக இருக்கும் ஆயாவுக்கு மலையாளம் மட்டும்தான் தெரியும். பேச்சு மிகக் குறைவு. எப்போது வேண்டுமானாலும் அடிக்கிறான் என்று சொல்லப்பட்ட அவனுடைய நோட்டுப் புத்தகத்தைச் சில வாரங்களுக்குப் பிறகு புரட்டியபோது, பெரும்பாலான அடிகள் மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில், கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்ன சில நிமிடங்களுக்குள் நடந்திருந்தன. ஒவ்வொரு முறையும் தண்டனையாக வராந்தாவுக்கு அனுப்பப்பட்டான். வராந்தாவில் எழுத்து வேலை இல்லை, இரைச்சல் இல்லை, பக்கத்தில் அன்பான ஆயா இருந்தார். பெரியவர்கள் தண்டனை என்று நினைத்ததுதான் அவன் தேடிய விடுதலை. ஒவ்வொரு முறை வராந்தாவுக்கு அனுப்பியபோதும், எழுத முடியாவிட்டால் அடிக்க வேண்டும் என்ற பாடத்தைப் பள்ளியே அவனுக்கு நடத்திக்கொண்டிருந்தது. நல்ல எண்ணத்தோடுதான் அப்படிச் செய்தார்கள். மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றும் பொறுப்பும் அந்த ஆசிரியருக்கு உண்டு. ஆனால் எண்ணம் எதுவாக இருந்தாலும் விளைவு அதுதான்.

அதே நோட்டில் இன்னொரு கூட்டம் அடிகளும் இருந்தன. அவை கை கழுவும் குழாயடி வரிசையில், பின்னால் இருந்து பிள்ளைகள் நெருக்கும்போது நடந்தவை. அங்கே அவன் எழுத்திலிருந்து தப்பிக்கவில்லை. முதுகில் படும் கைகளிலிருந்தும் பாத்திரங்களின் ஓசையிலிருந்தும் விலகி நிற்க இடம் கேட்டான். பிள்ளை ஒருவன், கை ஒன்று, ஆனால் வேலைகள் இரண்டு. வரிசைக்கு நாங்கள் கண்ட தீர்வு மிக எளிது: மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே ஒரு நண்பனோடு அவனைக் கை கழுவ அனுப்பினோம். அந்த வகை அடி அத்தோடு ஏறக்குறைய நின்றுவிட்டது.

எழுத்து வேளைக்கு அப்படி உடனடித் தீர்வு கிடைக்கவில்லை. அங்கே எங்களுக்குத் துணையாக நின்றது, எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் 1985-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகள் எந்தச் சூழலில் கலாட்டா செய்கிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். வேலை கடினமாக இருக்கும்போது செய்பவருக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லவும், பெரியவர்களின் கவனம் குறையும்போது செய்பவருக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தேவைக்குப் பொருந்திய வாக்கியத்தைக் கற்றபோது கலாட்டா குறைந்தது. பொருந்தாத வாக்கியத்தைக் கற்றபோது குறையவில்லை. ஏதோ ஒரு வகையில் பேசக் கற்றுக்கொடுத்தால் போதாது, அந்த அடி எதைக் கேட்கிறதோ அதையே கேட்கும் சொல் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. இதன் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் இந்தத் தொடர்புப் பயிற்சியை உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஆட்டிசத்துக்கான சான்றுகளைத் தொகுக்கும் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு 2020-இல் வெளியிட்ட அறிக்கையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட 28 வழிமுறைகளில் இதுவும் ஒன்று.

நம் பள்ளிகளிலும் படஅட்டைகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பார்த்தால் தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, பந்து என்று இருக்கும். "வேண்டாம்", "போதும்", "உதவி", "சத்தமாக இருக்கிறது" என்ற அட்டைகள் அநேகமாக இருக்காது. நமக்கு வசதியான வேண்டுகோள்களுக்கு மட்டும் அட்டை செய்து கொடுத்துவிட்டு, மறுப்பதற்கு ஒரு சொல்லும் தராமல் பிள்ளையை உட்கார வைக்கிறோம். பேச முடிந்த ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை முறை "மாட்டேன்", "அப்புறம்", "கையெல்லாம் வலிக்குது டீச்சர்" என்று சொல்கிறான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஆகவே அவனுக்கு "போதும், நிறுத்து" என்ற அட்டை ஒன்று செய்தோம். அட்டையில் தமிழ் எழுத்து. பின்புறம் ஆயாவுக்காக மலையாள எழுத்து. அவனுக்கு முதலில் சிகிச்சை அளித்த கோயம்புத்தூர் மையத்தில் தமிழிலும், பிறகு சேர்ந்த பாலக்காட்டு மையத்தில் மலையாளத்திலும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவனோடு இருக்கும் எல்லாரும் ஒரே படத்தை ஒரே பொருளில் ஏற்க வேண்டும் என்பதை இரண்டு இடங்களுக்கும் எழுதிக் கொடுத்தோம். எல்லைப் பகுதியில் இது மிக முக்கியம். வீட்டில் அம்மாவுக்கும் பள்ளியில் ஆயாவுக்கும் சத்துணவுக் கூடத்தில் பரிமாறுபவருக்கும் வெவ்வேறு மொழி என்றால், பிள்ளை கற்ற சொல் பாதி இடங்களில் செல்லாததாகிவிடும்; கை மட்டும் எல்லா இடத்திலும் செல்லும். கைபேசியிலோ டேப்லெட்டிலோ படத்தைத் தொட்டால் குரல் தரும் செயலிகளும் உண்டு. சென்னையில் உருவான ஆவாஸ் அவற்றில் ஒன்று. அட்டையா செயலியா என்பது பிள்ளைக்கு எது எளிது என்பதைப் பொறுத்தது. படம் பயன்படுத்தினால் வரவேண்டிய பேச்சும் வராமல் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுவதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

பயிற்சி அடி விழுந்த பிறகு தொடங்குவதில்லை. அதற்கு முன்பே தொடங்குகிறது. அவன் சட்டைக் காலரைக் கடிக்கத் தொடங்குவான், முனகல் உயரும். அந்த அறிகுறி தெரிந்தவுடன் பின்னால் இருந்து ஒருவர் அவன் கையை அட்டைக்கு வழிகாட்டுவார்; அட்டை ஆசிரியர் கைக்கு வந்த நொடியே எழுத்து நிற்கும்; சன்னலோரப் பாயில் சற்று நேர ஓய்வு. தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும், விதிவிலக்கில்லாமல், உடனே அது பலிக்க வேண்டும். அட்டை சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது, அடி மட்டும் எப்போதும் பலிக்கும் என்றால் பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அட்டையைக் காட்டிக் காட்டியே வேலையைத் தட்டிக்கழித்துவிட மாட்டானா, டீச்சர்?" என்று வகுப்பாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. அதுவரை அடித்துத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவன், இனி யாருக்கும் வலிக்காமல் தட்டிக்கழிக்கிறான் என்பதே முதல் கட்டத்தில் பெரிய முன்னேற்றம். அது நிலைத்த பிறகு ஒரு வரி எழுதிவிட்டு அட்டை, பிறகு இரண்டு வரி எழுதிவிட்டு அட்டை என்று நீட்டிக்கொண்டு போகலாம். அதோடு, அவன் ஏன் எழுத்திலிருந்து ஓடுகிறான் என்பதையும் பார்க்காமல் விடக் கூடாது. பலகையைப் பார்த்து, நினைவில் வைத்து, குனிந்து, பென்சிலை அழுத்தி எழுதுவது அவன் விரல்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. பலகையில் இருப்பதையே அச்சிட்ட தாளில் கொடுத்து விடுபட்ட சொற்களை மட்டும் நிரப்பச் சொன்னபோது அட்டையின் தேவையே குறைந்தது. பிள்ளையை மட்டும் மாற்றிவிட்டு, வேலையை அப்படியே வைத்திருக்கும் திட்டத்தை நான் நேர்மையான திட்டமாகக் கருதுவதில்லை.

இடையில் ஒரு கட்டத்தில் அடி கூடலாம், அதை முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவைக்க வேண்டும். இதுவரை பலித்துவந்த ஒன்று திடீரென்று பலிக்காமல் போகும்போது யாரும் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்துபார்ப்பார்கள். அந்த நாட்களில் "திட்டம் தோற்றுவிட்டது" என்று பழைய வழிக்குத் திரும்பினால், பலமாக அடித்தால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகும். மாற்று வழியைக் கையில் கொடுக்காமல் பழைய வழியை அடைக்கவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உடலைப் பார்க்க வேண்டும். சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சவாலான நடத்தைக்குப் பின்னால் வலி, வயிற்றுக் கோளாறு, மனநலப் பிரச்சினை, இரைச்சலான சூழல், வழக்கத்தில் மாற்றம், பருவமடைதல், பிறரால் துன்புறுத்தப்படுதல் ஆகியவை இருக்கின்றனவா என்று ஆராயச் சொல்கிறது. அமைதியாக இருந்த பிள்ளை திடீரென்று அடிக்கத் தொடங்கினால் பல், காது, மலச்சிக்கல், தூக்கம், வலிப்பு ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். யாராவது அந்தப் பிள்ளையை அடிக்கிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்பதையும் தயங்காமல் விசாரிக்க வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

சூழலைச் சீர்செய்வது குறித்து ஆய்வுகள் சொல்லும் பலவும் செலவில்லாதவை: அன்றைய நாளைப் படங்களால் வரிசையாகச் சுவரில் ஒட்டுவது, ஒரு வேலை முடியப்போகிறது என்று முன்பே அறிவிப்பது, "முதலில் இது, பிறகு அது" என்ற பலகை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. எங்கள் ஊர்களில் இதோடு மாசி, பங்குனி மாதங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். 'வேல' எனப்படும் கோயில் உற்சவங்களின் செண்டை மேளமும் வெடிக்கட்டு என்ற வாணவேடிக்கையும் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். பாலக்காட்டு வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் மதியம் உட்காருவது யாருக்கும் கடினம். திருவிழா நாட்களைக் குடும்பத்தின் நாட்காட்டியில் குறித்து, காதுகளை மூடும் ஒலித்தடுப்பானை முன்கூட்டியே பழக்கி, வெடிக்கட்டு இரவில் பொள்ளாச்சிப் பக்கத்து உறவினர் வீட்டுக்குச் சென்றுவிடும் குடும்பங்களை அறிவேன். மறுநாள் பள்ளியில் எழுத்து வேலையைக் குறைத்துக்கொள்வதும் அதே திட்டத்தின் பகுதிதான்.

இத்தனைக்குப் பிறகும் சில நேரம் வெடித்துவிடும். அந்த நேரத்தில் எதையும் கற்பிக்க முடியாது. ஜெஃப் கோல்வின் என்ற கல்வியாளர் இந்தக் கொந்தளிப்பை அமைதி, தூண்டுதல், பதற்றம், வேகம், உச்சம், தணிதல், மீட்சி என்று ஏழு கட்டங்களாகப் பிரித்தார். நாம் பயனுள்ளதாக ஏதாவது செய்யக்கூடியது பெரும்பாலும் முதல் மூன்று கட்டங்களில்தான். உச்சத்தில் மற்றப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். அறையில் ஒரே ஒரு பெரியவர், கைக்கு எட்டாத தூரத்தில், வாசலை மறிக்காமல், குரலைத் தாழ்த்தி, மிகக் குறைவான சொற்களோடு நிற்க வேண்டும். "ஏன் அடிச்ச? சாரி சொல்லு" என்பவை எரிகிற நெருப்பில் ஊற்றும் எண்ணெய். குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பிடிப்பது மூச்சை அடைத்து உயிரையே பறிக்கக்கூடியது. எந்தச் சூழலிலும் அதைச் செய்யக் கூடாது. தணிந்த பிறகும் பிள்ளை களைத்திருப்பான், எளிதில் மீண்டும் கொந்தளிப்பான். அப்போது தண்ணீரும் தனிமையும் போதும்.

மருந்தைப் பற்றிப் பெற்றோர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். 2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கடும் எரிச்சலும் ஆக்ரோஷமும் இருந்த, 5 முதல் 17 வயதுக்குட்பட்ட 101 பேரில், எட்டு வாரம் ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களில் 69 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கு மட்டும். மருந்து எடுத்தவர்களின் எடை அந்த எட்டு வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ கூடியது. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 2006-இலும் அரிபிபிரசோலுக்கு 2009-இலும் ஆட்டிசத்தோடு வரும் எரிச்சலுக்கான அனுமதி கிடைத்தது. ஆட்டிசத்தையே மாற்றும் மருந்துகள் அல்ல இவை. பிள்ளையும் குடும்பமும் ஆபத்தில் இருக்கும்போது, எடையையும் இரத்தப் பரிசோதனையையும் கண்காணிக்கும் மருத்துவரின் கீழ் இவற்றுக்கு இடம் உண்டு. பெற்றோருக்கான பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கும்போது, மருந்தை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைத்ததாக 124 பிள்ளைகளைக் கொண்ட 2009 ஆய்வு காட்டியது. எங்கள் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாளையாறைத் தாண்டிக் கோவையில் ஒரு மருத்துவரையும், இப்பக்கம் பாலக்காட்டில் ஒரு மருத்துவரையும் பார்க்கிறவர்கள், இரண்டு மருந்துச் சீட்டுகளையும் இருவரிடமும் காட்டுங்கள்.

பெற்றோருக்கான பயிற்சி என்றவுடன் அறிவுரைக் கூட்டம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2015-இல் 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 180 பிள்ளைகளின் பெற்றோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆட்டிசம் பற்றிய தகவல்களையும், மறு பாதிக்கு நடத்தையைக் கையாளும் செய்முறைகளையும் 24 வாரம் கற்பித்தார்கள். பெற்றோரின் மதிப்பீட்டில் பிள்ளைகளின் எரிச்சல் தகவல் பெற்றவர்களிடம் 31.8 விழுக்காடும், செய்முறை கற்றவர்களிடம் 47.7 விழுக்காடும் குறைந்தது. தகவலும் உதவுகிறது, கூட நின்று செய்துகாட்டுவது இன்னும் உதவுகிறது. கூலி வேலைக்குப் போகும் அம்மாவைப் பகல் நேரக் கூட்டத்துக்கு அழைப்பதைவிட, மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் அந்த அட்டையைப் பிள்ளையோடு பயன்படுத்திக் காட்டுவதையே நான் விரும்புகிறேன்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நடத்தைப் பயிற்சி என்ற பெயரில் கையை அசைப்பதையும் முன்னும் பின்னும் ஆடுவதையும் அடக்கிய முறைகளைப் பற்றி, அவற்றின் ஊடாக வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வேதனையோடு எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். யாருக்கும் தீங்கு செய்யாத அசைவை நிறுத்துவது நம் வேலை அல்ல. பல பிள்ளைகளுக்குப் பதற்றத்தைத் தணிக்கும் வழியே அதுதான், அதைத் தடுத்தால் அடிதான் வரும்.

"கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வாய்மொழி உத்தரவு பற்றியும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு 18 வயதுவரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. வாய்மொழி உத்தரவு வந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். கூடவே துணையாளரையும் சிறப்பாசிரியரின் வருகையையும் எழுத்தில் கேளுங்கள்.

ஜூன் மாதத்தில் கேரளப் பள்ளிகள் திறக்கும்போது வகுப்பாசிரியர் மாறிவிடுவார், பல நேரம் ஆயாவும் மாறிவிடுவார். ஓர் ஆண்டு முழுக்கக் கண்டுபிடித்தவை எல்லாம் பழைய நோட்டிலேயே தங்கிவிடும். அதைத் தடுக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்ச் மாதமே ஒரு பக்கத் தாள் தயாரித்து, தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றும் பள்ளிக்கும், ஒரு படியைப் பெற்றோருக்கும் கொடுக்கிறோம். அவனுக்குப் பிடித்தவை, பதற்றத்தின் முதல் அறிகுறிகள், எந்த நேரத்தில் எதற்காக அடிக்கிறான், அதற்குப் பதிலாக எந்த அட்டையைக் காட்டுவான், அட்டையைக் கண்டவுடன் நீங்கள் என்ன செய்ய வேண்டும், உச்சத்தில் என்ன செய்யக் கூடாது, எடுக்கும் மருந்துகள், அழைக்க வேண்டிய எண். இந்த ஆண்டு அந்தச் சிறுவனின் தாளில் அவன் அம்மா ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: அட்டை கிழிந்துவிட்டால், புதிது தயாராகும்வரை அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவதையும் "போதும்" என்றே எடுத்துக்கொள்ளவும்.